பீரோ இல்லை என்று எழுதினேன்

நெடுவாசம் விடுதியில் எனக்கென்று ஒதுக்கிய 214ஆம் எண் அறை, நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வந்திருக்கவில்லை. மதியத்துக்குள் வந்துவிடும் என்றார்கள். பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தேன்.

மூன்று மணிக்கு அறை வந்தது. வழியில் எங்கோ மழையில் மாட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கச் சுவர் நனைந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் வேப்பிலைகள் கிடந்தன.

நான் முத்திரை ஆய்வாளர். கடைகளின் தராசுகளையும் பெட்ரோல் பங்குகளின் அளவையும் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. ஈரோட்டில் அந்த வேலையைப் பார்த்த பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்பும்வரை மூன்று மாதம் அங்கே போய் இருக்கச் சொன்னார்கள். அந்த ஊரில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஆபீஸில் கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் நெடுவாசம்தான் சரி என்றார்கள். அது மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கான விடுதி. சமையலறை உண்டு, பீரோ உண்டு, காலைச் சாப்பாடு உண்டு. விளம்பரத்தில் ‘வீட்டை மறந்துவிடுவீர்கள்’ என்று போட்டிருந்தது.

மேனேஜர் தாமோதரன் ஒரு படிவம் கொடுத்தார். அவருக்கு வழுக்கைத் தலை. மிகவும் மரியாதையான மனிதர். படிவத்தில் ‘இவ்வூரில் உறவினர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருந்தது. பூஜ்யம் போட்டேன். அவர் அதைப் படித்துப் பார்த்து, பூஜ்யத்தை அடித்துவிட்டு, ஒன்று என்று திருத்தினார்.

திருத்தியது சரிதான். என் தங்கை அம்சவேணி நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்தாள். நாங்கள் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அறை எதிர்பார்த்தபடி இல்லை. சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் சமையலறையின் படம் ஒன்று மாட்டியிருந்தது. நல்ல படம். அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் எடுத்திருந்தார்கள். சில சமயம் அதிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. ஜன்னல் பக்கத்து அறைக்குத் திறந்தது. பக்கத்து அறையின் ஜன்னல் என் அறைக்குத் திறந்தது. குளியலறையில் வெந்நீர் வியாழக்கிழமைகளில் வந்தது. மற்ற நாட்களில் வியாழக்கிழமை எப்போது என்று சொல்லும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

காலைச் சாப்பாட்டில் ஒவ்வொருவருக்கும் அவரவர் முன்பு எங்கோ மிச்சம் வைத்ததைப் பரிமாறினார்கள். முதல் நாள் எனக்கு 1994இல் கோபியில் ஒரு கல்யாணத்தில் பாதி சாப்பிட்டு எழுந்த ரவா கேசரி வந்தது. ஆறியிருந்தது. சாப்பிட்டேன்.

வராந்தாதான் தொல்லை. லிஃப்டிலிருந்து என் அறைக்கு முதல் நாள் பதினெட்டு மீட்டர். என்னிடம் அளவு நாடா உண்டு, தொழில் அப்படி. மூன்றாம் நாள் இருபத்தாறு. ஒரு வாரத்தில் நூற்று நாற்பது. அளவுகளைத் தேதி போட்டு எழுதித் தாமோதரனிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அளவெல்லாம் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார்.

“தங்கத் தங்க நீளும்ங்க,” என்றார். “குறையுதுன்னா மட்டும் சொல்லுங்க.”

பக்கத்து அறையில் சென்னியப்பன் இருந்தார். விதைக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நெல், சோளம், வெண்டை என்று எந்த விதையையும் கையில் போட்டுப் பார்த்தே வயசு சொல்வார். பவானியில் வீடு, மனைவி எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். வந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது.

எங்கள் ஜன்னல்கள் ஒன்றுக்குள் ஒன்று திறந்ததால் தினமும் பார்த்துக்கொண்டோம். காலையில் அவர் ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் காப்பி நீட்டுவார். எங்கே போட்டார் என்று தெரியாது. நல்ல காப்பி. அந்த விடுதியில் எனக்கு ஏமாற்றம் தராத ஒரே பொருள் அதுதான். நான் வேலைக்குக் கிளம்பும்போது, இன்றைக்கு எந்தக் கடை என்று கேட்பார். சாயங்காலம் எந்தத் தராசு எவ்வளவு குறைத்தது என்று கேட்பார். அப்படிக் கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது. எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

என் புடவைகள் எல்லாம் நாற்காலியில் குவிந்து கிடந்தன. பீரோ தருவதாக விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள், தரவில்லை. வரவேற்பு மேசையில் புகார்ப் புத்தகம் இருந்தது. எழுதப்போகிறேன் என்று சென்னியப்பனிடம் சொன்னேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எழுதாதீங்க அம்மிணி.”

“ஏங்க? எழுதுனா என்ன பண்ணுவாங்க?”

“குடுத்துருவாங்க,” என்றார்.

கொடுப்பதற்காகத்தானே எழுதுவது என்றேன். அவர் பேச்சை மாற்றி, மழை வரும்போலிருக்கிறது என்றார். என் அறையைப் பார்த்தபடிதான் அதைச் சொன்னார்.

மறுநாள் காலையில் எழுதினேன். தேதி, அறை எண், ‘துணி வைக்க பீரோ இல்லை.’ ஒரே வரி. கையெழுத்துப் போட்டேன். தாமோதரன் எழுந்து நின்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் ஜன்னலைத் தட்டியபோது சத்தம் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருந்தது. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓம வாட்டர் கொடுத்தேன். அடுத்த நாள் அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. வெளிறியிருக்கவில்லை. சாம்பல் பெயின்ட் அடித்திருந்தது. தோள்கள் இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே மட்டத்தில் இருந்தன. மூன்றாம் நாள் காப்பி வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அறை காலியாக இருந்தது.

நான் கதவைத் திறந்தபோது இரண்டு ஆட்கள் ஒரு இரும்பு பீரோவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறரை அடி உயரம், இரண்டு கதவு. சுவரோரமாக வைத்துவிட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கைப்பிடியைத் திருப்பினேன்.

“மெதுவாங்க,” என்றது உள்ளே இருந்து சென்னியப்பனின் குரல்.

மெதுவாகத் திறந்தேன். நாலு தட்டு, நடுவில் ஒரு லாக்கர். உள்ளே லேசாக விதை வாசனை அடித்தது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வலிக்கிறதா என்று கேட்டேன். வலியெல்லாம் இல்லை, லாக்கர் பக்கம் மட்டும் கொஞ்சம் குளிருகிறது என்றார். நான் எழுதியதால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். யாராவது ஒருவர் எழுதத்தானே செய்வார்கள் என்றார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

புடவைகளை உள்ளே வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் நாற்காலியிலேயே கிடந்தன. அவர்தான், சும்மா நிற்பது ஒருமாதிரி இருக்கிறது, எதையாவது வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆறு புடவைகளை மடித்து வைத்தேன். மேல் தட்டைத் தொடவில்லை. அவருடைய முகம் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவருடைய செல்போன் லாக்கருக்குள் இருந்தது. தினமும் பகல் பதினொன்றரைக்கு அடிக்கும் என்றார். அவர் மனைவி. லாக்கர் சாவியைத் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அறையில்தான் இருப்பேன். அப்போது அது எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணிவிட்டேன். பதினாறு.

புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று தாமோதரனிடம் போய்ச் சொன்னேன். பீரோவில் ஏதாவது குறையா என்று அவர் கவலையோடு கேட்டார். குறை இல்லை, எனக்கு வேண்டாம் என்றேன். அதற்கு ஒரு படிவம் இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே உள்ளூர் உறவினர் ஒருவர் நேரில் வந்து போட வேண்டும்.

“எனக்கு இந்த ஊர்ல யாரும் இல்லைங்க.”

அவர் என் முதல் படிவத்தை எடுத்து, ஒன்று என்ற இடத்தைக் காட்டினார்.

ஒன்பது நாள் படிவம் என் பையிலேயே இருந்தது. அந்த ஒன்பது நாளில் நான் இருபத்து மூன்று தராசுகளைச் சோதித்தேன். தினமும் வேலைக்குப் போகிற வழியில் அம்சவேணியின் தெரு வந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து, இன்றைக்கு எவ்வளவு குறைந்தது என்று சென்னியப்பன் கேட்டால், ஐம்பது கிராம் என்று சொல்வேன். அவர் சிரித்தால் கதவுகள் லேசாக அதிரும்.

பத்தாம் நாள் குளிக்கும்போது என் முழங்கால்களைத் தட்டிப் பார்த்தேன். மரச் சத்தம் கேட்டது. தேக்கு என்று நினைக்கிறேன். கீழே போய் விசாரித்தேன். 209இல் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண் இருந்தாள். அவள் எழுத மேசை இல்லை என்று எழுதியிருந்தாள். தாமோதரன் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். அழகான கையெழுத்து. பதினைந்து நாள் தாண்டிய விருந்தாளிகளில் அடுத்து என் பெயர்தான் என்றார்.

“தேக்குன்னா நல்லதுங்க. உங்களுக்கு ப்ளைவுட் வரலை,” என்றார்.

சென்னியப்பனிடம் சொன்னேன். மேசை என்றால் பகலில் வெளிச்சமாவது கிடைக்கும் என்றார். அதைச் சொன்ன விதத்தில், அவர் உள்ளே இருட்டில் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தேன். போனை எடுத்தேன்.

அம்சவேணியின் எண் மாறியிருக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

“சொல்லு,” என்றாள்.

நான் கோகிலா என்றேன். தெரியும் என்றாள். ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன்.

“யாருக்கு?”

“ஒரு பீரோவுக்கு.”

“முகவரி சொல்லு,” என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு விடுதிக்குள் நுழைந்துவிட்டாள். என் அறைக்கு வந்து சேரும்போது பதினொன்று. வராந்தா அன்று பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்ததாகப் பின்னால் கணக்குப் போட்டேன். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். வழியில் யாரோ ஒரு வாசலில் மோர் கொடுத்தார்களாம். உடம்பு கனத்திருந்தது. தலைமுடியில் முன்பக்கம் வெள்ளை விழுந்திருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் அதே இடத்தில் ஒரு க்ளிப் குத்தியிருப்பாள்.

உட்கார் என்றேன். உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். சமையலறைப் படத்தைப் பார்த்தாள்.

“பால் பொங்குது,” என்றாள்.

“அது படம்.”

“படம்னா?” என்று சொல்லி, கையை நீட்டிப் படத்தில் அடுப்பை அணைத்தாள். தீய்ந்த வாசனை நின்றுவிட்டது. அத்தனை நாளாக எனக்கு அது தோன்றவில்லை.

சென்னியப்பனை அறிமுகம் செய்து வைத்தேன். வணக்கம் வைத்தாள். பதிலுக்கு அவர், உங்களை நடக்க வைத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டார். பரவாயில்லைங்க அண்ணா, சர்க்கரை இருக்கிறது, டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்கிறார் என்றாள். அவரிடம் எளிதாகப் பேசினாள். என் பக்கம் திரும்பும்போது முகம் மூடிக்கொண்டது. படிவத்தை வாங்கிப் படித்தாள். உறவு முறை என்ற கட்டத்தில் பேனா நின்றது.

அப்போதுதான் என் இடுப்பைப் பார்த்தாள். புடவைக்குக் கீழே ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. நான் கையால் மறைத்தேன். அவள் கையை விலக்கினாள். பித்தளைக் குமிழ் வைத்த ஒரு சின்ன இழுப்பறை. ராத்திரி முளைத்திருக்க வேண்டும். நானே அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

“என்னக்கா இது?”

“மேசை.”

அவள் குமிழைப் பிடித்து இழுத்தாள். இழுப்பறை வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே என்னுடைய பழைய போன் இருந்தது. பட்டன் வைத்தது, பதினோரு வருஷத்துக்கு முந்தையது. எப்போதோ தொலைந்துபோனது. திறந்ததும் அது அடிக்க ஆரம்பித்தது. திரையில் அம்சவேணி என்று வந்தது.

அம்சவேணி எனக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் படிவமும் பேனாவும் இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அன்று அம்சவேணி எனக்கு மூன்று முறை போன் செய்தாள். நான் ஒரு பெட்ரோல் பங்கில் சோதனையில் இருந்தேன். ஐந்து லிட்டருக்கு நாற்பது மில்லி குறைந்துகொண்டிருந்தது. போன் அடிப்பதைப் பார்த்தேன். மூன்று முறையும் பார்த்தேன். வேலையை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அன்று ஐந்தரைக்கு அம்மா இறந்துவிட்டாள். ஏன் சரியாகச் சொல்லவில்லை, ஏன் ஆபீஸுக்குப் போன் செய்யவில்லை என்று நான் எல்லார் முன்னாலும் தங்கையைக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. நான் போன் அடிப்பதைப் பார்த்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பேச்சு நின்றுபோயிற்று. சோதனை அறிக்கையில் நாற்பது மில்லி என்று எழுதினேன். அது சரியான அளவுதான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“பார்த்தேன்டி,” என்றேன். “மூணு தடவையும் பார்த்தேன்.”

“தெரியும்,” என்றாள் அம்சவேணி.

“எப்படித் தெரியும்?”

“நீ எப்ப போன் அடிச்சுப் பார்க்காம இருந்திருக்கே?” என்றாள். பேனாவால் போனைக் காட்டினாள். “எடு. இது மூணாவது. இதுக்கப்புறம் அடிக்காது.”

என் கைகள் இன்னும் கைகளாகத்தான் இருந்தன. எடுத்தேன்.

எதிர்முனையில் அம்சவேணி பேசினாள். இளைய குரல். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார்கள். “அக்கா, ஒண்ணும் பயப்படாதே. ஆனா அம்மா உன்னையே கேட்டுட்டு இருக்கு. நீ கிளம்பி வந்துரு,” என்றாள்.

எதிரில் நின்ற அம்சவேணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வர்றேன்,” என்றேன் போனில். “இதோ கிளம்பிட்டேன்.”

“பார்த்து வா,” என்று அந்தக் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

போனைத் திருப்பி வைத்ததும் இழுப்பறை தானாக மூடிக்கொண்டது. சென்னியப்பன் இருமுவது போல ஒரு சத்தம் செய்தார். மணி பதினொன்றரை. அவருடைய போன் லாக்கருக்குள் அடித்தது. அம்சவேணி படிவத்தில் ‘தங்கை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

லிஃப்டுக்குத் திரும்பும்போது வராந்தா ஆறு மீட்டர். தாமோதரனிடம் குறைந்துவிட்டது என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்துகளை ஒப்பிட்டார். சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்தினார். முத்திரை நேராக விழவில்லை. தொழில் காரணமாக அது என் கண்ணில் பட்டது, ஆனால் சொல்லவில்லை.

நானும் அறையைக் காலி செய்கிறேன் என்றேன். காரணம் வேண்டும் என்றார். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வரச் சொல்லிப் போன் வந்தது, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். அப்படியானால் தடுக்க விதி இல்லை என்றார். 209க்கு மேசை என்ன ஆகும் என்று கேட்டேன். மேசையின் படம் ஒன்று இருக்கிறது, மாட்டிவிடுவோம் என்றார். என் இடுப்பில் இருந்த இழுப்பறையைத் திருப்பித் தர வேண்டுமா என்று அம்சவேணி கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, விருந்தாளிகள் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பீரோவை இறக்க யாரும் உதவவில்லை. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த பொருளை விடுதி ஆட்கள் தொடக்கூடாதாம். அம்சவேணியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்தோம். புடவைகளை எடுக்காமலே தூக்கினோம். சென்னியப்பன் கனமாக இல்லை. லிஃப்டில் நுழையாததால் படிக்கட்டு வழியாக இறக்கினோம். படிக்கட்டில் திரும்பும்போது மட்டும், இடது பக்கம், இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். வெளியே ஒரு சரக்கு ஆட்டோவைப் பிடித்தோம். டிரைவர் கயிறு போட்டுக் கட்டினார். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பீரோவிடம் கேட்டேன். டிரைவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பவானியில் அவர் வீடு பச்சை கேட் வைத்தது. வெள்ளையடித்து முடித்து, அதுவும் பழசாகியிருந்தது. அவர் மனைவி ராசாமணி வெளியே வந்தார். ஒல்லியான அம்மா. கையில் போன் இருந்தது. நான் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். நான்தான் எழுதினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொன்னேன். ராசாமணி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னைத் தாண்டிப் போய் பீரோவின் கதவில் விரலால் தட்டினார்.

“ரெண்டு வாரம்னு சொல்லிட்டுப் போனீங்க.”

“கொஞ்சம் இழுத்துருச்சு,” என்றார் சென்னியப்பன்.

“சாப்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

ராசாமணி தலையை ஆட்டினார். உள்ளே எங்கே வைப்பது என்று எங்களுக்குக் காட்டினார். வாசலுக்குப் பக்கத்தில் வேண்டாம், வெயில் படும் என்றார். கூடத்தில், டீவிக்கு எதிரில் வைக்கச் சொன்னார். வைத்தோம். ராசாமணி கழுத்துச் சங்கிலியில் கோர்த்திருந்த ஒரு சாவியை எடுத்து லாக்கரைத் திறந்தார். அது பொருந்தியது. உள்ளே இருந்த போனை எடுத்து, பார்க்காமல், அணைத்துவிட்டார்.

என் புடவைகளை வெளியே எடுத்தேன். எடுத்தபின் உள்ளே வெறுமையாகத் தெரிந்தது. ராசாமணி தன் அறைக்குப் போய், வெளுத்து மடித்த வேட்டிகளைக் கொண்டுவந்து தட்டுகளில் அடுக்கினார். ஏழு வருஷமும் வாரம் ஒருமுறை வெளுத்திருக்கிறார். சென்னியப்பன் என்னிடம், கடைக்குப் போனால் வாங்க அம்மிணி, கணக்குச் சொல்லுங்க என்றார். வருகிறேன் என்றேன். கேட்டுக்கு வரும்போது எனக்கு அழுகை வந்தது. அம்சவேணி என் புடவைகளை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் மணி பார்த்தாள். மூன்று ஐந்து.

“ஆஸ்பத்திரியில நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க,” என்றாள். “போனா சரியா இருக்கும்.”

பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்தோம். அவள் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள் என்றாள். நான் அந்தப் பெண்ணை ஏழு வயசில் பார்த்தது. உயரம் எவ்வளவு என்று கேட்டேன். அவள் தன் காதுக்கு நேரே கையை வைத்துக் காட்டினாள். எத்தனை சென்டிமீட்டர் என்று நான் கேட்கவில்லை. இழுப்பறை அவள் பக்கம் இடித்தது. அவள் தள்ளி உட்காரவில்லை.

ஆஸ்பத்திரி வெளியே மாறியிருந்தது. புதிய கட்டடம் ஒன்று கட்டியிருந்தார்கள். பெண்கள் வார்டு பழைய இடத்தில்தான் இருந்தது. வாசலில் ஒரு ஆயா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நோயாளி பெயர் கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னோம். நோட்டைப் புரட்டினார். பக்கங்கள் மஞ்சளாகிக்கொண்டே போயின. ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“பதினேழாம் பெட். ஒருத்தர்தான் உள்ள போகலாம்.”

நான் அம்சவேணியைப் பார்த்தேன். வராந்தாவில் சிமென்ட் பெஞ்சு இருந்தது. அவள் அதில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களைத் தேய்த்துக்கொண்டாள்.

“நீ போக்கா,” என்றாள். “நான் அன்னைக்கே பார்த்துட்டேன்.”

உள்ளே போனேன். இரண்டு பக்கமும் கட்டில்கள். பதினேழு ஜன்னலோரம் இருந்தது. அம்மா தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி முடிந்திருந்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். வியர்த்திருக்கிறதே, பஸ்ஸில் நின்றுகொண்டா வந்தாய் என்று கேட்டாள். உட்கார்ந்துதான் வந்தேன் என்றேன்.

“அந்த ஃபேனை ஒண்ணு குறைச்சு வெச்சுட்டு வா,” என்றாள். “குளிருது.”

சுவிட்ச் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. போய்க் குறைத்துவிட்டு வந்தேன். அம்மா கால்களை மடக்கிக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.